மூணாறு: ஊரையும் அதன் வரலாற்றையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணாறு போய்விட்டு வந்தவர்களும் போகப் போகிறவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாக வாசிப்பது நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு மூணாறு என்றால் கொச்சியிலிருந்து ஏறிப் போகும் ஊர். ஆனால் 1920கள் வரைக்கும் அது கிழக்கே, போடிநாயக்கனூரைப் பார்த்து இருந்த ஊர். ஆட்கள் ஏறியதும் தேயிலை இறங்கியதும் அந்தப் பக்கமாகத்தான். இது மனதில் இருந்தால் கீழே உள்ள பல குழப்பங்கள் தாமாகவே தீரும்.

மூணாறு கேரளாவா, தமிழ்நாடா?

கேரளா. இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. இவ்வளவு பெயர் பெற்ற ஊராக இருந்தாலும் நகராட்சி கிடையாது, கிராமப் பஞ்சாயத்துதான். மாவட்டத் தலைநகரும் இது இல்லை, அது பைனாவு. இடுக்கி மாவட்டமே 1972-ல்தான் உருவானது.

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு வழிகள். போடியிலிருந்து போடிமெட்டு வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாகச் சுமார் 90. எல்லை ரொம்பப் பக்கம். மூணாறு போனவர்கள் தவறாமல் பார்க்கும் டாப் ஸ்டேஷன் எல்லையிலேயே இருக்கிறது. அங்கே நின்று கீழே பார்த்தால் தெரிவது தேனி மாவட்டம்.

நெஜமாவே மூணு ஆறு ஓடுதா? நான் ஒண்ணைத்தான் பார்த்தேன்.

ஓடுகிறது. நல்லதண்ணி, குண்டலை, முதிரப்புழை என்று மூன்றையும் சொல்வார்கள். மூன்றும் சேர்ந்த பிறகு ஓடுவதுதான் முதிரப்புழை, மூன்றாவது ஆற்றின் பெயர் கன்னியாறு என்று சொல்பவர்களும் உண்டு. எப்படிச் சொன்னாலும் ஊர் நிற்பது ஆறுகள் கூடும் இடத்தில். கடைவீதியில் நடந்துகொண்டே பாலங்களைக் கவனித்தால் பிடிபட்டுவிடும். வண்டியில் ஒரே பாலத்தைக் கடந்து போகிறவர்களுக்கு ஒரே ஆறாகத்தான் தெரியும்.

சேர்ந்த தண்ணீர் தெற்கும் மேற்குமாக இறங்கி, பனங்குட்டி அருகே பெரியாற்றில் கலந்து, அரபிக்கடலுக்குப் போகிறது.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலை மேல இருக்கிற ஊர்தானே?

உயரத்தில் இருக்கிறது, ஆனால் மேட்டில் இல்லை. கொடைக்கானலில் ஊரின் ஓரத்துக்குப் போனால் கீழே சமவெளி தெரியும். மூணாறு கடைவீதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தலைக்கு மேலே மலைதான். ஊர் கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 முதல் 1,600 மீட்டர். சுற்றிலும் 2,000 மீட்டரைத் தாண்டிய முகடுகள். அதில் பெரியது ஆனைமுடி, 2,695 மீட்டர். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது.

பள்ளத்தாக்கு என்பதால்தான் ஊருக்கு இந்தக் குணமெல்லாம் வந்தது. தட்டையான இடம் கொஞ்சம்தான், அதையும் ஆறு எடுத்துக்கொண்டது போக மீதியில்தான் கடைகளும் சாலையும். சனி ஞாயிறுகளில் மணிக்கணக்கில் வண்டிகள் நகராமல் நிற்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம். குளிர்ந்த காற்று இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஜனவரி விடியற்காலைகளில் செண்டுவாரை, லெட்சுமி போன்ற எஸ்டேட்களின் தாழ்ந்த பகுதிகளில் புல் மேல் வெள்ளையாக உறைபனி படியும். தேயிலைக் கொழுந்து கருகிப் போகும். பார்க்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம், தோட்டத்துக்கு நஷ்டம்.

மூணாறுல மழை கொட்டுது. மறையூர் போனா வெயில் அடிக்குது. ரெண்டுக்கும் நாப்பது கிலோமீட்டர்தானே?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு ஏறி வந்து மூணாறு பக்கத்துச் சரிவுகளில் மழையை இறக்கிவிடுகிறது. ஆனைமுடி, இரவிகுளம் முகடுகளைத் தாண்டும்போது காற்றில் ஈரம் மிச்சம் இருப்பதில்லை. மறையூர் அந்த முகடுகளுக்குக் கிழக்கே, மழை மறைவில் இருக்கிறது. அதனால்தான் மூணாறில் தேயிலை, மறையூரில் கரும்பும் சந்தன மரமும். மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. மறையூர்ப் பக்கத்துத் தண்ணீர் பாம்பாறாகக் கிழக்கே ஓடி அமராவதி அணைக்கு வந்து, காவிரியில் சேர்கிறது. ஒரே மலைத்தொகுதியில் பெய்த மழையில் ஒரு பாதி கேரளத்தின் அரபிக்கடலுக்கு, ஒரு பாதி கரூர் வழியாக வங்கக்கடலுக்கு. கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு என்று மூன்றே மூன்று.

வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி அது ஆளில்லாத காடா?

இல்லை. இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். மறையூரில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. அங்கே அவற்றை முனியறை என்பார்கள். நான்கு பக்கமும் பலகைக்கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் போட்டு மூடியவை. மறையூர், காந்தளூர் உள்ளிட்ட பகுதிக்கு அஞ்சுநாடு என்று பெயர். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர்கள் அங்கே தேயிலைக்கு ரொம்ப முன்பே இருந்தன.

மூணாற்று மலைகளின் பழைய குடிகள் முதுவர்கள். மதுரையை விட்டு வந்தபோது தெய்வத்தை முதுகில் சுமந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. அவர்கள் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. இவர்களுக்குத் தெரிந்த தடங்களில்தான் பின்னால் வந்த துரைமார் மலையேறினார்கள். இரவிகுளம் தேசியப் பூங்காவில் இன்றைக்கும் காட்டைக் காப்பதில் முதுவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்தான இடமலைக்குடி, 2010-ல் உருவானது, முதுவர்களுடையது.

கண்ணன் தேவன்னு ஒருத்தர் இருந்தாரா? இல்ல அது டீத்தூள் பேர்தானா?

டீத்தூளுக்கு முன்பே மலைக்கு அந்தப் பெயர் உண்டு. அஞ்சுநாட்டில் கண்ணன் தேவன் என்றொரு தலைவர் இருந்தார், அவர் பெயர்தான் மலைக்கு வந்தது என்பது வழக்கு. மலையின் பெயர் நிறுவனத்துக்குப் போய், நிறுவனத்தின் பெயர் பொட்டலத்துக்கு வந்தது.

1790-ல வெலிங்டன் பிரபு வந்துதான் மூணாறைக் கண்டுபிடிச்சார்னு படிச்சேனே?

பல இடங்களில் இப்படி எழுதியிருக்கிறார்கள். திப்பு சுல்தான் திருவிதாங்கூரிலிருந்து பின்வாங்கும் வழியை மறிக்க ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர்) இந்த மலையில் ஏறினார் என்பது கதை. அவர் இந்தியாவில் கால் வைத்ததே 1797-ல். 1790-ல் இங்கே எப்படி வருவார்? அதோடு, முந்தைய பதிலில் சொன்ன முதுவர்களும் அஞ்சுநாட்டாரும் இருந்த இடத்தை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை.

ஆவணப்படி நிற்கிற பெயர்கள் வார்டு, கானர் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகளுடையவை. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தவர்கள் அவர்கள்தான். இந்த உயரமான மலைகள் முறையாக வரைபடத்தில் ஏறியது அப்போதுதான்.

இவ்வளவு பெரிய மலையை வெள்ளைக்காரன் யார்கிட்ட வாங்கினான்?

பூஞ்ஞார் ராஜாவிடம். பூஞ்ஞார் குடும்பம் பாண்டியர் வழி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பம், மலைகள் அவர்கள் உரிமையில் இருந்தன. ஏலமலைகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ, 1877 ஜூலையில் பூஞ்ஞார் கேரளவர்மாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். முன்பணம் 5,000 ரூபாய், வருடத்துக்கு 3,000 ரூபாய். பரப்பு சுமார் 227 சதுர மைல். திருவிதாங்கூர் அரசும் அடுத்த ஆண்டு இதை ஏற்றுக்கொண்டது.

இன்றைக்கு மூணாறில் யாராவது நிலத்தைப் பற்றி வாய் திறந்தால் பேச்சு கடைசியில் இந்த ஓர் ஒப்பந்தத்தில்தான் போய் நிற்கும். மொத்த மலையும் ஒரே கையெழுத்தில் கை மாறியதால், சிறு விவசாயி, சொந்த வீட்டுக்காரர் என்று ஒரு கூட்டம் இங்கே வளரவே இல்லை. கீழே நிலம் பற்றிய கேள்விக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்துல இருந்தே தேயிலைதானா?

இல்லை. மன்றோவும் கூட்டாளிகளும் 1879-ல் ஒரு தோட்டச் சங்கம் அமைத்து, காப்பி, சின்கோனா (கொயினா மருந்து எடுக்கும் மரம்), ஏலம், கத்தாழை நார் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். 1880-ல் ஏ.எச்.ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை நட்டார். செவன்மலை எஸ்டேட்டில் சேர்ந்த இடம் அது. இந்த மண்ணுக்கும் மழைக்கும் நின்றது தேயிலைதான். 1895-ல் ஃபின்லே என்ற ஸ்காட்லாந்து நிறுவனம் உள்ளே வந்தது, 1897-ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. அதன் பிறகு ஊரே கம்பெனிதான், கம்பெனியே ஊர்தான்.

தேயிலைக்கு முன்னால் இந்தச் சரிவுகளில் இருந்தது சோலைக்காடும் புல்வெளியும். மடிப்புகளில் குட்டையான அடர்ந்த சோலை, மேட்டில் புல். எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இரவிகுளம் போங்கள், அங்கே அது மிச்சம் இருக்கிறது. ஊரைச் சுற்றி உயரமாக நிற்கிற யூக்கலிப்டஸ் எல்லாம் ஃபேக்டரிக்கு விறகுக்காக நட்டது. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் சூடு வேண்டும், அதற்கு ஓயாமல் விறகு வேண்டும்.

மூணாறுல ரயில் ஓடுச்சாமே? இந்த மலையிலயா?

ஓடியது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, ஆனால் முழு உண்மை.

முதலில் வந்தது, 1902-ல், மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி. சாலையின் ஓரத்தில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் சின்னச் சக்கரங்கள் அதன் மேல் உருளும், பாரம் பெரும்பாலும் அதில்தான். சாய்ந்துவிடாமல் இருக்க மறுபக்கம் ஒரு பெரிய சக்கரம் மண் சாலையில் உருண்டுகொண்டே வரும். இரட்டைத் தண்டவாளம் போட அகலமான தளம் வெட்ட வேண்டும், வளைவுகளில் செலவு எகிறும். ஒற்றைத் தண்டவாளம் சரிவுச் சாலைக்கு மலிவாகப் பொருந்தியது. 1908-ல் இதை எடுத்துவிட்டு இரண்டு அடி அகல ரயில்பாதை போட்டார்கள், நீராவி இன்ஜின் வந்தது. குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டலை வழியாக டாப் ஸ்டேஷன் வரை.

டாப் ஸ்டேஷன் என்ற பெயர் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும், அது ரயிலின் மேல் நிலையம். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு, சுமார் 5 கிலோமீட்டர் தூரம் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடிக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அப்புறம் மாட்டு வண்டியில் போடி, அங்கிருந்து அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம், கடைசியில் தூத்துக்குடித் துறைமுகம், கப்பல். அரிசியும் ஆட்களும் இதே வழியில் மேலே வந்தார்கள். தொடக்கத்தில் நான் சொன்ன கிழக்குப் பார்த்த ஊர் என்பது இதுதான். தூரத்தில் கொச்சிதான் பக்கம் என்றாலும், இங்கே விளைந்த தேயிலை போன வழி தூத்துக்குடிக்குத்தான்.

இப்ப அந்த ரயில் எங்க போச்சு?

1924 ஜூலை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் அது 1099 என்பதால் கேரளம் முழுக்க இதைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றுதான் சொல்வார்கள். வாரக்கணக்கில் மழை நிற்கவில்லை. மாட்டுப்பட்டிப் பக்கம் இரண்டு மலைகளுக்கு நடுவே சரிந்த மண்ணும் மரங்களும் அடைத்துக்கொண்டு ஆற்றில் தானாகவே ஓர் அணை உண்டானது. தண்ணீர் தேங்கித் தேங்கி அது உடைந்தபோது கீழே இருந்த மூணாறு மொத்த வேகத்தையும் வாங்கியது. ஆறுகள் கூடும் இடத்தில் ஊர் இருப்பதன் விலை அது. தண்டவாளம், பாலங்கள், நிலையங்கள் எல்லாம் போயின. ரயிலைத் திரும்பப் போடவே இல்லை. மிச்சம் என்று சொன்னால் பழைய மூணாறு ரயில் நிலையக் கட்டடம் இருக்கிறது, பிறகு தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது.

அதே மழையில் மேற்கே மாங்குளம் வழியாக ஆலுவாவுக்குப் போன பழைய பாதையும் அழிந்தது, கரிந்திரி என்ற மலையே சரிந்து விழுந்தது. அந்தத் தடத்தை விட்டுவிட்டு நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதிய சாலை வெட்டினார்கள். 1931-ல் ராணி சேது லட்சுமிபாய் அதைத் திறந்து வைத்தார், 1935-ல் நேரியமங்கலம் பாலமும் வந்தது. கிழக்கே ரயில் இல்லை, மேற்கே நல்ல சாலை இருக்கிறது. ஊர் திரும்பிக்கொண்டது. இன்றைய மூணாறு பிறந்த இடம் இதுதான் என்பது என் கருத்து.

சுத்தி இத்தனை அணை எதுக்கு? டூரிஸ்டுக்குப் போட் விடவா?

மின்சாரத்துக்கு. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் பள்ளிவாசல், 1940-ல் ஓடத் தொடங்கியது. முதிரப்புழைத் தண்ணீரை மூணாறிலேயே மறித்து, சுரங்கத்தில் விட்டு, மலை விளிம்பிலிருந்து குழாயில் செங்குத்தாக இறக்குகிறார்கள். அப்போது திருவிதாங்கூர் திவானாக இருந்தவர் சர் சி.பி.ராமசாமி ஐயர். ஊருக்குள் நுழையும்போது பார்க்கிற தடுப்பணைக்கு அவர் பெயர்தான். கோடையிலும் தண்ணீர் வேண்டுமே என்று மேலே 1946-ல் குண்டலை அணையும் 1953-ல் மாட்டுப்பட்டி அணையும் கட்டினார்கள். ஒரே தண்ணீர் பள்ளிவாசலில் இறங்கி, செங்குளத்துக்குப் போய் மறுபடி மின்சாரம் தருகிறது. ஆலுவாப் பக்கத்து அலுமினியம், உரத் தொழிற்சாலைகள் வளர்ந்ததற்குப் பின்னால் இருந்தது இந்த மின்சாரம்.

அங்க ஏன் எல்லாரும் தமிழ் பேசுறாங்க?

தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர்கள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கங்காணிகள் ஊர் ஊராகப் போய் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்தியதால் குடும்பம் குடும்பமாக மலையேறினார்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். கிழக்குப் பார்த்த ஊர் என்பதால் ஆளும் கிழக்கிலிருந்துதான் கிடைத்தார்கள்.

வந்தவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்ட வீடுகள். ஒரு டிவிஷனுக்குச் சில லயங்கள், ஒரு கோயில், ஒரு சர்ச், ஒரு கடை. நான்காம், ஐந்தாம் தலைமுறை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. பள்ளியில் தமிழ்வழி வகுப்பு, கடைவீதியில் தமிழ்ப் பத்திரிகை, தைப்பொங்கல், எல்லாம் உண்டு. இவர்களை ‘தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள்’ என்று சொல்லாதீர்கள். இவர்கள் மூணாற்றுக்காரர்கள்.

இவ்வளவு தமிழர் இருந்தும் 1956-ல ஏன் கேரளாவுக்குப் போச்சு?

நியாயமான கேள்வி. தேவிகுளம் தாலுகாவில் அன்று தமிழ் பேசுவோரே பெரும்பான்மை. மார்ஷல் நேசமணி முன்னின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நாஞ்சில் நாட்டுத் தாலுகாக்களோடு தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் சேர்த்தே கேட்டது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் கொடுத்த அறிக்கையில் தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் தமிழ்நாட்டுக்கு விட்டது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் விடவில்லை.

சொன்ன காரணங்கள் இரண்டு. தோட்டத் தொழிலாளர்கள் நிலையாகக் குடியிருப்பவர்கள் அல்ல, வந்து போகிறவர்கள் என்பது ஒன்று. தண்ணீர், மின்சாரம், தோட்ட வருமானம், நெரிசலான கேரளத்துக்குக் குடியேற நிலம் என்ற பொருளாதாரக் கணக்கு மற்றொன்று. இரண்டாவது காரணத்தின் பலம் பள்ளிவாசல் பற்றிய பதிலைப் படித்தால் தெரியும். முதல் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று தலைமுறையாக லயத்தில் பிறந்து அங்கேயே செத்தவர்களை வந்து போகிறவர்கள் என்று எழுதியது அநியாயம்.

அரசியலில் தமிழ் குறையவும் இல்லை. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக மலை மலையாகப் போய்ப் பாடியவர் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன். 2021-ல் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் அ.ராஜா கேரள சட்டசபையில் தமிழில்தான் உறுதிமொழி எடுத்தார்.

இப்ப தோட்டமெல்லாம் டாடாவோடதுதானே? நாம இடம் வாங்க முடியுமா?

டாடா 1964-ல் ஃபின்லேயோடு கூட்டுச் சேர்ந்தது, 1983-ல் டாடா டீ முழுதாக எடுத்துக்கொண்டது. 2005-ல் தோட்டத் தொழில் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனிக்குப் போனது. அதில் தொழிலாளர்களும் ஊழியர்களும் பங்குதாரர்கள். கண்ணன் தேவன் என்ற டீத்தூள் பிராண்ட் டாடாவிடமே நின்றது.

நிலம் வேறு கதை. 1971-ல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கச் சட்டம் போட்டது, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பிறகு தோட்டத்துக்கென்று சுமார் 57,000 ஏக்கர் கம்பெனியிடம் விடப்பட்டது, சுமார் 70,000 ஏக்கர் அரசுக்கு வந்தது. எது அரசு நிலம், எது பட்டா, எது போலிப் பட்டா என்ற சண்டை அன்றிலிருந்து ஓயவில்லை. 2007-ல் முதலமைச்சர் அச்சுதானந்தன் அனுப்பிய மூன்று அதிகாரிகள் குழு, ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்ததை அப்போது நாடே பார்த்தது. ஆகவே இடம் வாங்குகிற எண்ணம் இருந்தால் விற்பவர் காட்டும் காகிதத்தை நம்பாமல், வருவாய்த்துறையில் மூலப்பத்திரம் வரை பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கட்டடம் கட்டத் தனி அனுமதியும் வேண்டும்.

அதே நேரத்தில் நான்கு தலைமுறை உழைத்த குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. லயம் வேலைக்கான வீடு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலையில் சேர்ந்து வீட்டைத் தக்கவைக்க வேண்டும். படித்த பிள்ளைகள்கூடக் கொழுந்து எடுக்கப் போவதற்கு இது ஒரு காரணம்.

‘பெம்பிளை ஒருமை’ன்னு ஒரு போராட்டம் நடந்துச்சே, அது எதுக்கு?

‘பெம்பிளை ஒருமை’ என்றால் பெண்கள் ஒற்றுமை. 2015 செப்டம்பரில் கம்பெனி போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. தினக்கூலி அப்போது 232 ரூபாய். கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். கம்பெனியை மட்டும் இல்லை, ஆண்கள் நடத்திய தொழிற்சங்கங்களையும் எதிர்த்தார்கள். கட்சித் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீதம் கிடைத்தது, கூலி பிறகு 301 ரூபாயானது. அவர்கள் 500 கேட்டார்கள்.

பெட்டிமுடியில நடந்தது மழையாலதானே? யாரைக் குத்தம் சொல்ல முடியும்?

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மேலே இருந்த மலை உடைந்து, நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள், சிலரின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு.

மழைதான் மண்ணைத் தள்ளியது. பாறை மேல் மெல்லிய மண், செங்குத்தான சரிவு, சில நாட்களில் கொட்டித் தீர்த்த மழை என்றால் மலை இறங்கத்தான் செய்யும், 1924-ல் இறங்கியதும் இப்படித்தான். ஆனால் லயம் ஏன் அந்த ஓடைக்குக் கீழே இருந்தது? மின்சாரம் போய், போனும் வேலை செய்யாமல், நடந்தது வெளியே தெரியவே விடிந்துவிட்டது ஏன்? 2018 வெள்ளத்தில் உடைந்த பெரியவரைப் பாலத்துக்குப் பதில் போட்ட தற்காலிகப் பாலமும் அடித்துப்போக, மீட்புக்காரர்கள் வழியில் தவித்தது ஏன்? சொந்த நிலம் இருந்தால் எங்கே வீடு கட்டுவது என்று அவர்களே முடிவு செய்திருப்பார்கள். பிறகு, தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியாறு வேலி என்ற இடத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். மற்ற லயங்கள் பல இன்னும் அதே மாதிரிச் சரிவுகளுக்குக் கீழேதான் இருக்கின்றன.

குறிஞ்சி அடுத்து எப்ப பூக்கும்?

இரவிகுளத்தில் 1994, 2006, 2018 என்று பூத்தது. கணக்குப்படி அடுத்து 2030. நடுவில் சில வருடங்களில் வேறு வேறு மலைகளில் பூக்கும், ‘குறிஞ்சி பூத்துவிட்டது’ என்று செய்தி வருவது அதனால்தான். எல்லாச் சரிவும் ஒரே கணக்கில் இருப்பதில்லை. 2018-ல் பூக்கும் நேரத்தில் பெருமழை வந்து நிறையக் கெட்டுப்போனது. 2030-ல் போனால் ஒன்றைக்கூடப் பறிக்காதீர்கள். இந்தச் செடி வாழ்நாளில் ஒரே முறைதான் பூத்து, விதை போட்டுவிட்டு மடிந்துபோகும்.

எனக்கு ஒரு நாள்தான் இருக்கு. போட்டிங் வேண்டாம், ஊரோட வரலாறு தெரியணும். எங்க போறது?

முடிந்தால் போடி வழியாகவே ஏறுங்கள், ஊர் எந்தத் திசையிலிருந்து வளர்ந்தது என்பது வண்டியில் இருக்கும்போதே புரியும். காலையில் ஊருக்குள் சி.எஸ்.ஐ. தேவாலயம், 1910-ல் அடிக்கல் போட்டது. அதற்கு மேலே கல்லறைத் தோட்டம் தேவாலயத்தைவிட மூத்தது. 1894-ல் காலராவில் இறந்த எலினார் இசபெல் மே என்ற இளம் பெண், தோட்ட மேலாளர் ஹென்றி நைட்டின் மனைவி, முதலில் அடக்கம் செய்யப்பட்டவர். அப்புறம் மாட்டுப்பட்டி, குண்டலை வழியாக டாப் ஸ்டேஷன். அந்தச் சாலை பழைய ரயில் போன பள்ளத்தாக்கிலேயே போகிறது. திரும்பும்போது நேரம் இருந்தால் நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம்.

இரவிகுளம் பூங்காவின் ராஜமலையில் வரையாடு பார்க்க ஆசை இருந்தால் பிப்ரவரி, மார்ச்சைத் தவிர்த்துவிடுங்கள். குட்டி போடும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள்.